புதுப்பிப்பு: மழை லில்லி பூத்துவிட்டது (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

மழைக்குப் பின் பூக்கும் இந்தக் கிழங்குச் செடியில் தொட்டி நிறைய இலை, 8 மாதமாக ஒரு மொட்டுகூட இல்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

உரத்தை மாற்றியதில் பலனில்லை. பெரிய தொட்டிக்கு மாற்றியதில் இலைதான் இன்னும் கொழுத்தது. பலித்தது பட்டர்வொர்த் அக்கா சொன்ன பட்டினி வைத்தியம். கூரைக்கு அடியில் தள்ளி வைத்து 4 வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. (மாமியார் தினமும் என்னை முறைத்தார்.) பிறகு ஒரு மாலை, நல்ல மழையில் வெளியே எடுத்து வைத்தேன். ஐந்தாம் நாள் இளஞ்சிவப்பில் 7 பூக்கள், மறுநாள் மஞ்சளில் 3.

எதிர்பாராதது ஒன்று: வெள்ளை வகையான செபிராந்தஸ் கேண்டிடா பட்டினியில் துவண்டுவிட்டது. அது தென்னமெரிக்காவின் ஈர நிலத்துச் செடி. அதை மட்டும் காயவிடாதீர்கள்.

முதலில் நான் ஆசைப்பட்ட ஸ்னோடிராப்பும் (குளிர்நாட்டு வெள்ளைப் பூச்செடி) இதே குடும்பம்தான். ஆனால் குளிர்காலம் இல்லாத ஊரில் அது நிலைக்காது என்று ஐயா ஒருவர் எச்சரித்தது சரியாகப் போயிற்று. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த 3 கிழங்குகளும் காய்ந்து சருகாகிவிட்டன.

மஞ்சள் பூ வகையில் கிழங்கு பிரிந்ததும், கேட்டிருந்தவர்களுக்குத் தருகிறேன்.