ஜோனா லோமுவுக்கு 37 ட்ரைதானே, ஏன் இத்தனை புகழ்?

பந்துப்பித்தன்:
ரக்பியை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். யாரைக் கேட்டாலும் நியூசிலாந்தின் ஜோனா லோமுவைத்தான் சொல்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் 63 டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்), 37 ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது). ஜப்பானின் டைசுகே ஒஹாடா 69, தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா 67. லோமு தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரு ட்ரைகூட அடித்ததில்லை. 27 வயதிலேயே டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

தொண்ணூறுகளின் ரசிகன்:
1995 உலகக் கோப்பை அரையிறுதியைப் பாருங்கள். கேப் டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக 4 ட்ரை. முதல் ட்ரையிலேயே மைக் காட் என்ற இங்கிலாந்து வீரரை மிதித்துத் தாண்டி ஓடுகிறார். அப்போது லோமுவுக்கு வயது 20.

கிள்ளான் தாதி:
தம்பி, நான் மலேசியாவில் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த 37-ஐ அவருடைய நோயோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1995 கடைசியில் அவருக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று தெரியவந்தது. இந்த நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதாகி, உடலில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறிவிடும். முகமும் காலும் வீங்கும், உடம்பு ஓய்ந்துபோகும். மாடிப்படி ஏறவே தயங்கும் நோயாளிகளை நான் தினமும் பார்க்கிறேன். இந்த மனிதரோ அதே நோயோடு 1998-இல் எங்கள் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் எழுவர் ரக்பித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். 1999 உலகக் கோப்பையில் 8 ட்ரை அடித்தார். தோற்றுப்போன பிரான்ஸ் அரையிறுதியிலும் இரண்டு. 1995-இல் அடித்த 7 ட்ரையையும் சேர்த்தால் உலகக் கோப்பைகளில் 15. நீங்கள் சொன்ன ஹபானா அந்த எண்ணைத் தொட்டது 2015-இல்தான். உடம்பு முழுதாக ஒத்துழைத்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

2003-இல் டயாலிசிஸ். மறு ஆண்டு வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரேயாமா தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். உயிரோடு இருக்கும்போதே உறுப்பைக் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்! லோமுவைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

பந்துப்பித்தன்:
நன்றி அக்கா, இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரியாது. மாற்றுச் சிறுநீரகத்தோடு மறுபடி நியூசிலாந்துக்கு ஆடினாரா?

கிள்ளான் தாதி:
இல்லை. 2007 உலகக் கோப்பையில் ஆட ஆசைப்பட்டார், நடக்கவில்லை. ஆனால் 2005-06-இல் வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்கும், பிறகு நியூசிலாந்தில் நார்த் ஹார்பர் அணிக்கும் ஆடினார். உடல் புதிய உறுப்பை ஏற்றுக்கொள்ள, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை நாள் தவறாமல் சாப்பிட்டாக வேண்டும். அந்த நிலையில் தொழில்முறை ரக்பி! 2011-இல் அந்தச் சிறுநீரகமும் செயலிழந்து, மறுபடி டயாலிசிஸ். 2015 நவம்பர் 18-இல் ஆக்லாந்தில் காலமானார், வயது 40. கார்டிஃப் ஆட்டக் காட்சிகள் கிடைத்தால் பாருங்கள். பழைய வேகம் இருக்காது, இருந்தாலும் பாருங்கள்.