இரண்டு பள்ளிகள் ஒன்றான வகுப்பு: பாட்டு, நாடகம், ஓவியம் எல்லாம் உண்மையிலேயே பிள்ளைகளைச் சேர்க்குமா?

அறிவியல்_டீச்சர் (கேள்வி)

வணக்கம். நான் அறிவியல் எடுப்பவள். படம் வரைய வராது, பாடவும் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு பக்கத்துப் பள்ளியை எங்கள் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். என் 8-ஆம் வகுப்பில் 38 பேர், அதில் 17 பேர் அங்கிருந்து வந்தவர்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது, இன்னும் ஜன்னல் பக்கம் அவர்கள், கதவுப் பக்கம் இவர்கள். பெரிய சண்டை என்று எதுவும் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது, சண்டை போட்டாலாவது ஒருவரோடு ஒருவர் பேசியதாக ஆகும். ஒரு பக்கத்தில் பேனா உருண்டு மறுபக்கம் போனால் அங்கே யாரும் குனிந்து எடுத்துத் தருவதில்லை, பேனாவைத் தவறவிட்டவனே சுற்றிக்கொண்டு போய் எடுக்கிறான். இருப்பது ஒரே கட்டடம், ஆனால் பேச்சில் "உங்க ஸ்கூல்", "எங்க ஸ்கூல்".

தலைமையாசிரியர் வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம், கொடுத்து "கலைநிகழ்ச்சி மாதிரி ஏதாவது செய்யுங்கள், சேர்ந்துவிடுவார்கள்" என்றார். குழுப்பாட்டு வைத்தேன். நன்றாகப் பாடும் ஆறு பேர் முன்னால் வந்து நின்றார்கள், ஆறு பேரும் கதவுப் பக்கம். மற்றவர்கள் பின்னால் நின்று உதட்டை அசைத்தார்கள். கைதட்டி முடிந்ததும் ஒருத்தி "நம்ம ஆளுங்கதான் கலக்கினாங்க" என்றாள். அதாவது இருந்த கோட்டை நானே இன்னும் அழுத்தமாகப் போட்டுவிட்டேன்.

அடுத்து நடைபாதைச் சுவரில் ஓவியம் வரையச் சொல்கிறார். வரையத் தெரிந்த இரண்டு பேர் வரைவார்கள், மற்றவர்கள் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று பயமாக இருக்கிறது. இதை உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் முதல் மாதம் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். "குழந்தைகளைச் சுதந்திரமாக விடுங்கள்" மட்டும் வேண்டாம், அதை நிறையப் படித்துவிட்டேன்.

மேடையில்லா_நாடகம்

டீச்சர், தப்பு பாட்டில் இல்லை. முதல் நாளே கைதட்டலுக்கு இடம் வைத்துவிட்டீர்கள். கைதட்டல் வந்தாலே யாருக்கு அதிகம் என்ற கணக்கும் கூடவே வந்துவிடும். ஆறு வாரத்துக்கு யாருக்கும் எதையும் காட்டப்போவதில்லை என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எப்போதும் தொடங்குவது ஒரே ஒரு விளையாட்டில்: பேசாமல் பிறந்தநாள் வரிசையில் நிற்க வேண்டும். ஜனவரி ஒரு முனை, டிசம்பர் மறுமுனை. வாயைத் திறக்கக்கூடாது, விரலைக் காட்டலாம். பக்கத்தில் இருப்பவன் விரலைப் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. வரிசை முடிந்ததும் அடுத்தடுத்து நிற்பவர்கள் ஜோடி. ஜோடியைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கவில்லை, நீங்களும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் "ஏன் மிஸ் என்னை இவனோட போட்டீங்க" என்று யாரும் கேட்க முடியாது.

அந்த ஜோடியை வைத்துக் கண்ணாடி விளையாட்டு. ஒருவர் மெதுவாகக் கையை அசைக்க, எதிரில் இருப்பவர் கண்ணாடிப் பிம்பம் மாதிரி அதையே செய்ய வேண்டும். நீங்கள் "மாற்று" என்றதும் தலைமை மாறும். மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் "இப்போது யாரும் தலைமை இல்லை, இருவரும் மற்றவரைப் பின்பற்றுங்கள்" என்று விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் வகுப்பு தானாக அமைதியாகிவிடும், பார்த்தால்தான் நம்புவீர்கள். இந்த மாதிரி விளையாட்டுகளை நாடகப் பயிற்சியாகத் தொகுத்தவர் வயோலா ஸ்போலின். சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில் நேவா பாய்டு என்ற ஆசிரியையிடம் கற்றவர். பிற்பாடு 1930களின் கடைசியில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தர வேண்டி வந்தபோது, மொழியும் பழக்கமும் குறுக்கே நிற்காத ஒன்று தேவைப்பட்டது, விளையாட்டுதான் கைகொடுத்தது. உங்கள் வகுப்பில் மொழி ஒன்றுதான், ஆனால் நிலைமை கிட்டத்தட்ட அதேதான்.

ஒன்றரை மாதம் கழித்து மன்ற நாடகம் பக்கம் போகலாம். பிரேசில்காரரான அகஸ்டோ போவால் உருவாக்கியது. தப்பாக முடிகிற ஒரு சின்னக் காட்சியை நடிப்பார்கள், அப்புறம் அதையே மறுபடி நடிப்பார்கள், பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து பாதிக்கப்பட்டவர் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். பெருவில் 1973-இல் ஒரு பெண் தான் சொன்னதை நடிகர்கள் சரியாகச் செய்யவில்லை என்று விடாமல் மறுத்துக்கொண்டே இருக்க, சரி நீங்களே வாருங்கள் என்று அவரை மேடைக்குக் கூப்பிட்டதில்தான் இந்த முறை பிறந்தது என்று போவாலே சொல்லியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் கதையையே காட்சியாக வைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை வகுப்பில் நிஜமாக நடந்த தகராறையே எடுத்துப் போட்டேன். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்ற புத்திசாலித்தனம். எல்லாருக்கும் யார் என்று தெரியும், அந்தப் பெண் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. பேருந்தில் இடம் பிடிப்பது, இரவல் வாங்கிய புத்தகத்தைக் கிழிப்பது மாதிரி யாருக்கும் சொந்தமில்லாத சங்கடம் ஒன்றை எடுங்கள்.

தூரிகை_கழுவுபவன்

சுவர் ஓவியம் பற்றி நான் சொல்கிறேன், பதினொரு சுவர் முடித்திருக்கிறேன், அதில் மூன்று படுதோல்வி.

வரையத் தெரிந்தவர்கள் கைக்கு மொத்தச் சுவரும் போகாமல் இருக்க ஒரே வழி கட்டம். படத்தை 8 நீளம், 5 உயரம் என்று 40 கட்டமாகப் பிரியுங்கள். தாளில் 2 செ.மீ. கட்டம், சுவரில் 30 செ.மீ. கட்டம், ஆக மொத்தம் 2.4 மீட்டருக்கு 1.5 மீட்டர். நூலில் சுண்ணப்பொடி தடவி இரண்டு முனையிலும் பிடித்துத் தெறித்தால் நேர்கோடு விழும். ஆளுக்கு ஒரு கட்டம். உங்களுக்கு 38 பேர், மிச்சம் இரண்டு கட்டம், ஒன்று உங்களுக்கு, ஒன்று தலைமையாசிரியருக்கு. சிரிக்காதீர்கள், இது முக்கியம்.

கட்டத்துக்குள் என்ன வரைகிறான் என்பதைவிட அதன் ஓரத்தில்தான் விஷயம் இருக்கிறது. என் கட்டத்தில் ஒரு கிளை வலது ஓரத்தில் 11 செ.மீ. உயரத்தில் வெளியே போகிறது என்றால் பக்கத்துக் கட்டத்தில் அது அதே 11-இல் உள்ளே வர வேண்டும். வரவில்லை என்றால் மரம் முறிந்த மாதிரி இருக்கும், யாருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் மேலே, கீழே, இரண்டு பக்கமும் என்று நான்கு பேரிடம், சுவரின் விளிம்பில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடமாவது, பேசியே தீர வேண்டும். ஜன்னல், கதவு, ஜன்னல், கதவு என்று மாற்றி மாற்றிக் கட்டம் கொடுங்கள். ஒற்றுமை பற்றி ஒரு வார்த்தை நீங்கள் பேச வேண்டாம், அந்த 11 செ.மீ. பார்த்துக்கொள்ளும்.

நிறம் கலக்க ஒரு தனிக் குழு வையுங்கள். பச்சை தீர்ந்துபோய் மறுபடி கலக்கும்போது அதே பச்சை வராது, அங்கேதான் எல்லாச் சுவரும் கெடும். என் வகுப்பில் ஒரு பையன், எப்போதும் பின்வரிசை, தூரிகை கழுவுவதைத் தவிர எதற்கும் வரமாட்டான். மீந்த நிறங்களைக் கழுவும் வாளிக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பான். ஒருநாள் "சார், இது மஞ்சள் மூணு, நீலம் ஒண்ணு, அதுல சொட்டுச் சிவப்பு" என்றான். சரியாக இருந்தது. அதற்கப்புறம் வகுப்பிலேயே கெட்டிக்கார ஓவியக்காரி உட்பட எல்லாரும் டப்பாவோடு அவன் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூடித் பாகா 1976-இல் தொடங்கிய சுவர் இருக்கிறது. வெள்ளக் கால்வாயின் சுவரில் கிட்டத்தட்ட அரை மைல் நீளம், பல கோடைகளில் சிறுவர் சிறுமியர் நூற்றுக்கணக்கானோர் வரைந்தது, போலீஸ் வழக்குகளில் சிக்கிய பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வெவ்வேறு தெருக் கூட்டங்களைச் சேர்ந்தவர்களை அவர் ஒரே சாரத்தில் நிறுத்தினார்.

கணக்கு_வாத்தியார்

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எதற்கெடுத்தாலும் கலை என்கிறோம். நான் மாணவனாக இருந்தபோது நாடக வகுப்பு என்றாலே எனக்கு வயிறு கலங்கும். கூச்சப்படுகிற பிள்ளையை வட்டத்தில் நிறுத்தி "உன் பெயருக்கு ஒரு அசைவு செய்" என்பது சேர்ப்பதா, மாட்டிவிடுவதா? அப்புறம் தூரிகைக்காரர் சொன்ன கட்டம், ஓரம், 11 செ.மீ. எல்லாம் எனக்கு அளவியல் பாடமாகத்தான் தெரிகிறது. ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒரு நுண்ணோக்கி கொடுத்தாலும் பேசத்தான் போகிறார்கள். கலைக்கென்று தனியாக என்ன மந்திரம் இருக்கிறது, ஆதாரம் ஏதாவது உண்டா?

தாளம்_தப்பாதவள்

வாத்தியார், கூச்சம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தனியாகச் செய்து காட்டச் சொல்லும் எதையும் முதல் மாதத்தில் வைக்கவே கூடாது. பிறந்தநாள் வரிசையில் யாரும் தனியாக நிற்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆதாரம் கேட்டீர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 42 பள்ளிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 2019-இல் வந்தது. எந்தப் பள்ளிகளுக்குக் கூடுதல் கலை வாய்ப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள், மாணவர்கள் 10,000-க்கும் மேல். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளைகளின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது, எழுத்துத் தேர்வில் மதிப்பெண் கூடியது, பிறர்மேல் பரிவும் கொஞ்சம் கூடியது. மந்திரம் இல்லைதான், ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்கள் 2015-இல் வெளியிட்டது இன்னும் சுவாரஸ்யம். பெரியவர்களுக்கான வகுப்புகள், ஒன்றில் சேர்ந்து பாடுவது, மற்றவற்றில் கைவினை, கதை எழுதுவது. ஏழு மாதம் பின்தொடர்ந்தார்கள். பாடியவர்கள் ஆரம்பத்திலேயே சீக்கிரம் நெருக்கமானார்கள், ஆனால் ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பும் ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆக உங்கள் நுண்ணோக்கியும் கடைசியில் அதே இடத்துக்குக் கொண்டுபோகலாம் வாத்தியார், பாட்டு பனியைச் சீக்கிரம் கரைக்கிறது, அவ்வளவுதான்.

டீச்சருக்கு: பாட்டைக் கைவிடாதீர்கள், வார்த்தையையும் ராகத்தையும் எடுத்துவிடுங்கள். மேசையில் உள்ளங்கை, விரல், முட்டி என்று மூன்று ஒலி போதும். வகுப்பை மூன்றாகப் பிரித்து ஒரு கூட்டத்துக்கு நான்கு தட்டு "தக திமி", அடுத்ததுக்கு மூன்று தட்டு "தகிட", மூன்றாவதுக்குப் பன்னிரண்டு தட்டுள்ள ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரே ஒரு தட்டு. நான்கும் மூன்றும் பன்னிரண்டில் ஒரு தடவைதான் ஒன்றாக விழும், அந்த இடத்துக்காக எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். இதில் குரல் நல்ல பிள்ளை, குரல் கெட்ட பிள்ளை என்று யாரும் இல்லை. உதட்டை மட்டும் அசைத்து ஒப்பேற்றவும் முடியாது, தட்டாவிட்டால் ஓட்டை கேட்கும்.

கணக்கு_வாத்தியார்

நான்குக்கும் மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு. இதைத்தான் நான் மூன்று வாரம் சொல்லிக்கொடுக்கிறேன். சரி, தோற்றேன், நாளைக்கே மேசையைத் தட்டுகிறேன்.

அறிவியல்_டீச்சர்

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிறந்தநாள் வரிசை முதல் தடவை குளறுபடி. இருபது நிமிடம் பிடித்தது, கடைசியில் சரிபார்த்தால் மூன்று இடத்தில் தப்பு. செப்டம்பர்காரன் ஒருவன் ஒன்பது விரலைக் காட்டியதை எதிரில் இருந்தவள் தேதி என்று எடுத்துக்கொண்டு அவனைத் தப்பான இடத்துக்குத் தள்ளிவிட்டாள். பேசலாம் என்றதும் இருவரும் பிடித்தார்களே ஒரு சண்டை, "நீ மாதம்னு சொல்லல", "வாயைத் திறக்கக்கூடாதுன்னா எப்படிச் சொல்வேன்". அவன் ஜன்னல், அவள் கதவு. நான்கு மாதத்தில் நான் கேட்ட முதல் சண்டை, தடுக்காமல் நின்று கேட்டேன்.

மேசைத் தாளம் ஒத்து வந்தது, சொல்லப்போனால் அளவுக்கு மேல் வந்தது, இப்போது மற்ற ஆசிரியர்கள் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். கண்ணாடி விளையாட்டு எடுபடவில்லை, சிரித்தே தீர்த்தார்கள், இரண்டாவது வாரத்தோடு விட்டுவிட்டேன். மன்ற நாடகத்துக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சுவர் நடந்துகொண்டிருக்கிறது. கட்டம் பிரமாதமான யோசனை. நிறத்துக்கு ஆய்வகத்து அளவுக் குடுவையைக் கொடுத்துவிட்டேன், என்னால் முடிந்த ஒரே பங்களிப்பு, யார் எத்தனை மில்லி ஊற்றினார்கள் என்று ஒரு நோட்டு ஓடுகிறது. என் கட்டத்தில் மரத்தின் அடிப்பாகம் வந்தது. மேல் கட்டத்துப் பெண் புதிதாக வந்தவள், இதுவரை என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து "மிஸ், உங்க மரம் ரெண்டு சென்டிமீட்டர் தள்ளியிருக்கு, நான் மாத்த முடியாது, நீங்கதான் அழிக்கணும்" என்றாள். அழித்தேன். தலைமையாசிரியர் தன் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை, அது வெள்ளையாக இருக்கிறது, பிள்ளைகள் தினமும் அவர் அறை வாசலில் போய் நினைவுபடுத்துகிறார்கள்.

இடைவேளையில் இன்னும் பெரும்பாலும் ஜன்னலும் கதவும்தான். ஆனால் பேனா உருண்டால் இப்போது சில பேர் காலால் தள்ளியாவது விடுகிறார்கள்.

ஒரு சந்தேகம்: கீழ்வரிசை ஐந்தாறு கட்டங்களில் பெயின்ட் கொப்பளித்து உரிகிறது. பிள்ளைகள் எங்கள் மேல் தப்பா என்று கேட்கிறார்கள். ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்துத்தான் ஆரம்பித்தோம்.

தூரிகை_கழுவுபவன்

பிள்ளைகள் மேல் தப்பே இல்லை, சுவர் ஈரம். உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி மாதிரி உப்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, அந்த வரிசையை நன்றாகக் காயும்வரை சும்மா விடுங்கள், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சுவரின் மறுபக்கம் குழாய் ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். அதுவரை மேல்வரிசைகளை முடியுங்கள். நிற நோட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி கலக்க அது வேண்டும்.