ஏற்றத்தில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பஸ்ஸை என்ன செய்வது?

தலவாக்கலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தலவாக்கலை. ஆனால் கார் பழகியது வெள்ளவத்தையில், லைசன் எடுத்ததும் கொழும்பில்தான். காலி வீதி நெரிசலில் ஓட்டியவளுக்கு இனி எந்த ரோடும் பயமில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது வேலை நுவரெலியாவுக்கு மாறிவிட்டது. சின்ன ஓட்டோமெட்டிக் கார். காலையில் லிந்துலை, நானுஓயா வழியாக ஏறுகிறேன், மாலையில் அதே வழியில் இறங்குகிறேன்.

ஏற்றத்தில் முப்பதில் போய்க்கொண்டிருப்பேன், பஸ் ஒன்று பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் அதன் முகத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஹோன் வேறு. வேகத்தைக் கூட்டினால் அடுத்த முடக்கில் (வளைவில்) எதிர்ப்பக்கம் போய்விடுவேனோ என்று பயம். ஓரம் கட்டலாம் என்றால் மழைத்தண்ணீர் ஓடும் கான்.

முன்னால் போகும் மரக்கறி லொறி வலது சிக்னல் போடுகிறது. திரும்பப் போகிறதா, முந்தாதே என்கிறதா? இடது சிக்னல் போட்டால் நம்பி முந்தலாமா? எதிரே வருபவர் லைட்டை அடித்துக் காட்டினால் ‘நீ வா’ என்கிறாரா, ‘நான் வருகிறேன், நில்’ என்கிறாரா? அப்பாவிடம் கேட்டால் “பார்த்து ஓட்டு” என்கிறார். பார்த்துத்தான் ஓட்டுகிறேன். எதைப் பார்ப்பது என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. மாலையில் இறங்கி முடிக்கும்போது சக்கரத்துப் பக்கம் இருந்து கருகல் வாடை வருகிறது. அது சாதாரணமா?

கொட்டகலை பைக்:

அக்கா, ஹோன் அடித்தால் அடிக்கட்டும். இரண்டு பக்கச் சிக்னலும் சேர்ந்து மின்னும் ஹசாட் லைட்டைப் போட்டுவிட்டு உங்கள் வேகத்திலேயே போங்கள். அவசரம் இருப்பவன் நேரத்தோடு கிளம்பியிருக்க வேண்டும். பனி மூடினாலும் நான் ஹசாட் போட்டுத்தான் போவேன்.

பழைய லொறிக்காரன்:

மகள், தம்பி சொன்ன ஹசாட் வேலையை மட்டும் செய்யாதீர்கள். அது நின்றுபோன வண்டிக்கு உரியது. ஓடும் வண்டியில் போட்டால் நீங்கள் இடது பக்கம் ஒதுங்குகிறீர்களா, வலது பக்கம் திரும்புகிறீர்களா என்று காட்ட வழியே இல்லை. பனியில் இன்னும் மோசம். நின்றுவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னால் வருபவன் வலது பக்கம் எடுப்பான், எதிரே தேயிலைக் கொழுந்து லொறி வரும். பனிக்கு லோ பீம் போதும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

நான் நுவரெலியாவில் இருந்து தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் கோவா, கரட், லீக்ஸ் ஏற்றிப் போனவன். இப்போது முழங்கால் விடுவதில்லை, வீட்டில் இருக்கிறேன். நேரம் நிறைய இருப்பதால் நீளமாகத்தான் எழுதுவேன்.

பஸ்ஸை அனுப்பிவிடுங்கள். அவன் ஓட்டுவது சரியா பிழையா என்பது வேறு பேச்சு. ஒட்டி வருபவனைப் பின்னால் வைத்துக்கொண்டே போனால் உங்கள் கண் கண்ணாடியிலேயே இருக்கும், முடக்கு முன்னால் வந்துவிடும். தினமும் போகும் ரோடுதானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போய், எங்கெங்கே ஒதுங்க முடியும் என்று பார்த்து வையுங்கள். தோட்டத்துக்கு ரோடு பிரியும் வாய், கடை முன்பக்கம், பஸ் நிற்கும் அகலமான இடம் என்று எத்தனையோ இருக்கின்றன. அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே இடது சிக்னல் போடுங்கள். மெல்ல வேகத்தைக் குறையுங்கள். பஸ் போன பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு ஏறுங்கள், அதன் பின்னால் இன்னொன்றும் வரக்கூடும்.

முடக்குக்குள் நிற்கக் கூடாது. கான் பக்கம் சக்கரத்தை இறக்கக் கூடாது. மேலே புல் மூடியிருக்கும், ஆழம் விழுந்த பிறகுதான் தெரியும். மழைக்காலத்தில் பள்ளத்துப் பக்க ஓரத்தையும் நம்ப முடியாது. அடியில் மண் கரைந்து போயிருக்கும், மேலே தார் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும். முப்பதில் போவதற்கு வெட்கப்படவும் வேண்டாம். ஊருக்கு வெளியே காருக்கு 70 வரை சட்டம் விடுகிறது என்பதற்காக அந்த முடக்குகளில் யாரும் 70-இல் போவதில்லை.

அப்புறம் லொறியின் சிக்னல். வலது சிக்னலுக்கு ‘திரும்புகிறேன்’ என்றும் அர்த்தம் உண்டு, ‘முந்தாதே’ என்றும் உண்டு. முன்பே போட்டதை அணைக்க மறந்துவிட்டான் என்பதும் உண்டு. எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், பின்னால் இருப்பது. இடது சிக்னலில்தான் ஆபத்து. ‘போ’ என்று நாங்கள் நல்ல மனதோடுதான் போடுவோம். ஆனால் உங்கள் காருக்கு எவ்வளவு இழுவை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் போட்ட நேரத்துக்கும் நீங்கள் வெளியே எடுக்கும் நேரத்துக்கும் இடையில் முடக்கில் ஒருவன் முளைத்துவிடுவான். உங்கள் கண்ணுக்கே வெறும் ரோடு தெரிந்தால் மட்டும் முந்துங்கள். லொறியின் பக்கக் கண்ணாடியில் சாரதி முகம் தெரியும் அளவுக்குத் தள்ளியே வாருங்கள். அவன் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் கார் அவனுக்கும் தெரியாது. ஏற்றத்தில் நின்று கிளம்பும் பார லொறி சற்றுப் பின்னால் உருளும், அதற்கும் இடம் வேண்டும்.

எதிரே லைட் அடித்தால், லைட்டைப் பார்க்காதீர்கள், வண்டியைப் பாருங்கள். நம் நாட்டில் பெரும்பாலும் அது ‘நான் வருகிறேன்’ என்பதுதான். ஓரம் கட்டி நின்றுவிட்டு அடித்தால் ‘வா’. நிற்காமல் அடித்தால் நீங்கள் நில்லுங்கள். முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று சொல்லவும் அடிப்பார்கள், அந்தப் புண்ணியம் உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஒரு வண்டி மட்டும் போகும் தோட்டத்து ரோடுகளில் இறங்கி வருபவர் நின்று, ஏறி வருபவருக்கு வழி விடுவது வழக்கம். பாரத்தோடு ஏறுகிறவன் நடுவில் நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம். கிளட்ச் எரியும், ஈரத்தில் சக்கரம் சுழலும். ஆனால் ஒதுங்கும் இடம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால், ஏறுகிறவர் நீங்களாக இருந்தாலும் ஒதுங்கிக் கொடுங்கள். வழி விட்டவருக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். இப்போதெல்லாம் அது குறைந்து வருகிறது, எனக்கு அதில் மனவருத்தம்.

தெரியாத முடக்குக்கு முன்னால் ஒரு சின்ன ஹோன் போதும். அடித்துவிட்டு, பாட்டைக் குறைத்து, பதில் ஹோன் வருகிறதா என்று கேளுங்கள். பலர் அடிப்பார்கள், கேட்க மாட்டார்கள். இரவில் லைட்டைக் கூட்டிக் குறைத்தால் மறுபக்கம் வருபவனுக்கு வெளிச்சம் தெரியும்.

கருகல் வாடை சாதாரணம் இல்லை, மகள். டி கியரிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். தொடர்ந்து மிதித்தால் பிரேக் கொதிக்கும், கொதித்தால் பிடிக்காது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். உங்கள் லிவரில் டி-க்குக் கீழே எல், எஸ், பி என்று ஏதாவது இருக்கும், இறக்கத்தில் அதைப் போடுங்கள். நியூட்ரலில் மட்டும் விடாதீர்கள். பெற்றோல் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு சிலர் விடுகிறார்கள்.

ரதெல்ல குறுக்குப் பாதையில் இறங்குவதாக இருந்தால் இது இரட்டிப்பு அவசியம். அங்கே பெரிய வாகனங்களுக்குத் தடை. 2023 ஜனவரியில் கொழும்பில் இருந்து மாணவர்களைச் சுற்றுலா ஏற்றி வந்த பஸ் ஒன்று அந்த இறக்கத்தில் வேனோடும் ஓட்டோவோடும் மோதி 7 பேர் போனார்கள். போனது வேனிலும் ஓட்டோவிலும் இருந்த நம் பக்கத்து ஆட்கள்.

ஹட்டன் ரூட்:

தங்கச்சி, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பஸ் நான்தான். உங்கள் காரின் பின்னால் வந்தேனா என்று தெரியாது, ஆனால் என்னைப் போன்ற ஒருவன்தான்.

பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்க எங்களுக்கு டைம் கீப்பர் இருக்கிறார். பிந்திப் போனால் அங்கே பேச்சு வாங்க வேண்டும், பின்னால் வரும் பஸ் எங்கள் ஆட்களையும் ஏற்றிவிடும். இதைச் சொல்வது ஒட்டி ஓட்டுவதை நியாயப்படுத்த இல்லை. எங்களில் சிலர் ஓட்டுவது எனக்கே பிடிக்காது. ஆனால் ஏற்றத்தில் ஆட்கள் நிறைந்த பஸ் ஒருமுறை இழுவையை விட்டால் முதல் கியருக்குப் போய்த்தான் திரும்ப ஏற வேண்டும். அதனால்தான் முன்னால் இருப்பவர் மெதுவாகும்போது ஹோனில் கை போய்விடுகிறது.

லொறிக்கார அண்ணன் சொன்னபடி இடம் பார்த்து ஒதுங்கினால் எங்களுக்கு அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். அரைகுறையாக ஒதுங்காதீர்கள், அவ்வளவுதான். இடது சிக்னலைப் போட்டுவிட்டு அதே வேகத்தில் போகிறவர்களும், நாங்கள் பாதி முந்தியதும் ரோஷம் வந்து வேகத்தை அமத்திக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் எங்களால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

கொண்டை ஊசி முடக்கில் பஸ் உங்கள் பக்கத்துக்கு வருவது திமிரால் இல்லை. வண்டி நீளம், பின்சக்கரம் உள்ளே வெட்டும், அகலமாக எடுத்தால்தான் திரும்பும். மேலே இருந்து பஸ் இறங்குவது தெரிந்தால் முடக்குக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். சின்ன கார்தானே என்று உள்ளே நுழைந்து, பிறகு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் நடுங்குகிறவர்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்க்கிறோம். சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் படம் பிடிக்க ரோட்டிலேயே கதவைத் திறந்து இறங்குவதும் அதே ஆட்கள்தான்.

2025 மே மாதம் ரம்பொடை கெரண்டி எல்லவில் விடியற்காலை பஸ் பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பயணிகளே “மெதுவாகப் போங்கள்” என்று சொல்லி ஏறினார்கள். இப்போது மறுபடியும் “ஏன் அண்ணே இவ்வளவு லேட்” என்கிறார்கள்.

நடந்து போகும் டீச்சர்:

எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் தோட்டத்துப் பாடசாலைக்கு மெயின் ரோட்டால் நடந்து போகிறவள். அந்த நேரத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் அம்மாமாரும் வெள்ளை உடுப்புப் பிள்ளைகளும் ரோட்டில்தான். நடைபாதை கிடையாது. தார் முடியும் இடத்தில் கான் தொடங்கும், அந்த ஒரு சாண் இடம்தான் எங்களுக்கு.

பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வந்து பெரிதாக ஹோன் அடிக்காதீர்கள். திடுக்கிட்டு எந்தப் பக்கம் பாய்வான் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே சின்னதாக ஒருமுறை அடித்தால் தானாக ஓரம் போவான். கொழுந்து மூட்டை சுமந்து வரும் பெண்ணால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. மழையில் குடையைச் சாய்த்துப் பிடித்து வருபவருக்கும் வண்டி தெரியாது. நின்றிருக்கும் பஸ்ஸைக் கடக்கும்போது அதன் முன்னால் இருந்து யாரோ குறுக்கே ஓடி வரப்போகிறார் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் ஓடுகிறார்கள், சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தண்ணீர் தேங்கிய குழியில் வேகமாக இறக்காதீர்கள். நீங்கள் நுவரெலியாவுக்குப் போய் ஹீட்டரில் உட்காருவீர்கள், அந்தப் பிள்ளை பாடசாலை விடும்வரை ஈரச் சட்டையோடு இருப்பான்.

தலவாக்கலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஹட்டன் ரூட் அண்ணே, இனி முடக்குக்கு முன்னாலேயே நிற்கிறேன். டீச்சர் சொன்ன குழி விஷயத்தை நான் யோசித்ததே இல்லை.

லொறிக்கார அண்ணன், என் லிவரில் டி-க்குக் கீழே எல் இருக்கிறது. இன்று போட்டுப் பார்த்தேன். எஞ்சின் கத்துகிறது. வண்டிக்கு ஏதாவது ஆகுமா? வாடை வந்தால் தண்ணீர் ஊற்றலாமா?

கொட்டகலை பைக்:

சரி அண்ணே, ஹசாட்டை விடுகிறேன். ஆனால் பனியில் பின்னால் வருபவனுக்கு என் பைக் தெரிய வேண்டாமா?

பழைய லொறிக்காரன்:

தம்பி, முன் லைட்டைப் போட்டால் பின் லைட்டும் எரியும், அது போதும். எரிகிறதா என்று கிளம்புவதற்கு முன் இறங்கிப் பாருங்கள். சேற்றுக் காலத்தில் அந்தச் சிவப்புக் கண்ணாடியை ஒரு துணியால் துடையுங்கள்.

மகள், கத்தட்டும். எஞ்சின்தான் இப்போது காரைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்தச் சத்தம் அதுதான். மீற்றரில் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் வேகமாகப் போகும்போது சட்டென்று எல் போடாதீர்கள், இறக்கம் தொடங்கும் முன்பே பிரேக்கில் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போடுங்கள். அப்புறம் வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை நன்றாக ஒருமுறை மிதித்து விடுங்கள். காலை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் கூடவே கூடாது. கொதித்த இரும்பில் குளிர் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணும், வெடிக்கவும் கூடும். அகலமான இடத்தில் நிறுத்தி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, வாடை அடங்கிய பிறகு கிளம்புங்கள். பழைய கார் என்றால் பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கராஜில் கேளுங்கள். அது ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் பேட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், வாயால் “நல்லா இருக்கு” என்று சொன்னால் விடாதீர்கள்.

தலவாக்கலைக்காரி:

ஒயில் எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே தெரியாதாம். சனிக்கிழமை கராஜுக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஒதுங்கும் இடம் பார்க்கப் போகிறோம்.