லேப்டாப் ரொம்ப ஸ்லோ, எந்தக் கம்பெனி வாங்கலாம்? அவசரமுங்க

வண்ணாமடைக்காரன் | ஞாயிறு இரவு 8.10
வணக்கமுங்க. வீட்டு லேப்டாப் ரொம்ப ஸ்லோவாப் போச்சு. ஆன் பண்ணிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு வந்தாலும் இன்னும் சுத்தீட்டே இருக்குது. பாலக்காட்டுல ஒரு கடைல காட்டுனேன். பழசுங்க, பேட்டரியும் போச்சு, விண்டோஸ் 10 நிறுத்தீட்டாங்க, இதுல 11 ஏறாது, குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்கன்னு சொல்லீட்டார். பழசுக்கு 3,000 கழிப்பாராம், புதுசு 46,000. லெனோவா, ஹெச்பி, ஏசர் மூணுல எது நல்லதுங்க? புள்ளை பத்தாவது, அடுத்த மாசம் பரீட்சை. சீக்கிரம் சொல்லுங்க.

திருப்புளி | ஞாயிறு இரவு 8.31
எந்த மாடல்? எந்தப் புராசசர்? ராம் எவ்வளவு? உள்ள இருக்கறது சுத்தற ஹார்ட் டிஸ்கா, சுத்தாத வேகமான எஸ்எஸ்டியா? எப்ப வாங்குனது? இது ஒண்ணும் தெரியாம எதுவும் சொல்ல முடியாதுங்க.

பொள்ளாச்சி இளநி | ஞாயிறு இரவு 8.40
எஸ்எஸ்டி போடுங்க, வேற எதையும் பாக்காதீங்க. எங்கண்ணன் கடை பில்லிங் லேப்டாப் இப்படித்தான் அழுதுட்டுக் கிடந்துச்சு. 256 ஜிபி போட்ட அன்னைக்கே எந்திரிச்சு ஓடுச்சு. 46,000 மிச்சம்.

திருப்புளி | ஞாயிறு இரவு 8.44
உள்ள ஹார்ட் டிஸ்க்தான் இருக்குதுன்னு அவர் இன்னும் சொல்லலையே.

பழைய மானிட்டர் | ஞாயிறு இரவு 9.15
பத்து வருசமா இங்க இதையேதான் சொல்லீட்டிருக்கேன். "எந்தக் கம்பெனி நல்லது"ங்கறது கேள்வியே இல்ல. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மலிவு வரிசை, ஒரு ஆபீஸ் வரிசை உண்டு. லெனோவால ஐடியாபேட் ஒண்ணு, திங்க்பேட் ஒண்ணு. ஹெச்பில சாதா 15 ஒண்ணு, எலைட்புக் ஒண்ணு. டெல்லுல இன்ஸ்பிரான், லாட்டிட்யூட்னு இருந்த பேரை 2025ல டெல், டெல் புரோன்னு மாத்தீட்டாங்க. ஸ்டிக்கரைப் பாத்து வாங்கறவங்க ஏமாறத்தான் செய்வாங்க.

46,000க்கு என்ன புராசசர் சொன்னாருன்னு கேட்டுட்டு வாங்க. ரைசன் 5 7520யூ-ன்னு சொன்னா யோசிங்க. ஏழாயிரத்துல ஆரம்பிக்கறதால புதுசுன்னு நெனைப்பீங்க. அந்த வரிசைல மூணாவது எண்ணைத்தான் பாக்கணும். அது 2ன்னா, உள்ள இருக்கறது ஏஎம்டி 2019ல கொண்டுவந்த பழைய ஸென் 2 டிசைன். ராமும் போர்டோட ஒட்டி வந்துரும், பின்னால ஏத்த முடியாது. இன்டெல் ஐ3 1215யூ-ன்னா ஆறு கோர், அது பரவால்ல. 8 ஜிபிக்குக் கீழ எதையும் தொடாதீங்க. முடிஞ்சா 16.

கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி, கேக்கறது எப்படின்னு தெரிஞ்சுட்டு வந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

வண்ணாமடைக்காரன் | ஞாயிறு இரவு 9.50
மன்னிச்சுக்குங்க, எனக்கு அவ்வளவாத் தெரியாது. அடியில இருக்கற ஸ்டிக்கர் அழிஞ்சுபோச்சு. புள்ளை பாத்துச் சொன்னா: ஐ3 7020யூ, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2018 ஓணத்துக்கு எடுத்தது. கம்பெனி பேரு வேண்டாமுங்க, கடைக்காரர் அதையே பெருசாப் பேசுனார். கடைக்காரர் காட்டுன புதுசுல அந்த 7520யூ-தான் எழுதியிருந்துச்சு.

பொள்ளாச்சி இளநி | ஞாயிறு இரவு 9.53
பாத்தீங்களா? ஹார்ட் டிஸ்க். நிமிசத்துக்கு 5,400 சுத்து சுத்தற டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் விண்டோஸ் 10ஐ எப்படித் தாங்கும்? எஸ்எஸ்டி, எஸ்எஸ்டி, எஸ்எஸ்டி.

பழைய மானிட்டர் | ஞாயிறு இரவு 10.05
உங்க ஐ3 7020யூ ஏழாம் தலைமுறை. அதுக்கு எஸ்எஸ்டி போடறது வீண் செலவு. விண்டோஸ் 11க்கு இன்டெல்லுல எட்டாம் தலைமுறைல இருந்துதான் ஆதரவு. கூட ராம் போடலாம்னு நெனச்சா, டேட்டா சென்டர்காரங்க இழுக்கற இழுப்புல விலை எகிறிக் கிடக்குது. கடைக்குப் பொருள் தந்துட்டிருந்த குரூஷியல் பிராண்டையே மைக்ரான் நிறுத்தறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சாச்சு. புதுசுதான் வழி.

திருப்புளி | திங்கள் காலை 7.20
ஆதரவு இல்லங்கறது சரி. ஆனா நாளைக்கே செத்துப்போயிடாது. விண்டோஸ் 10 நின்னது 2025 அக்டோபர் 14. மைக்ரோசாஃப்ட் கணக்குல உள்ள போயி, செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா, பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும். காசு கேக்காது. புள்ளை பரீட்சை முடிஞ்சு நிதானமா முடிவெடுக்கலாம்.

ஒரு சந்தேகம்: கொஞ்சங் கொஞ்சமா ஸ்லோ ஆச்சா, திடீர்னு ஆச்சா?

வண்ணாமடைக்காரன் | திங்கள் மதியம் 1.15
திடீர்னுதானுங்க. தீபாவளிக்குப் பொறவு. அதுக்கு முன்னாடி புள்ளை படிச்சுட்டு, படம் வரைஞ்சுட்டுத்தான் இருந்தா.

மீன்கரை மின்சாரம் | திங்கள் மதியம் 2.02
நம்ம பக்கத்துல துலாவர்ஷத்து (ஐப்பசி மழை) இடியில போகாத பொருளே இல்ல. இருபது வருசமா வயரிங் பண்றேன், சொல்றதைக் கேளுங்க. முதல்ல எர்த் பாருங்க. நம்மூர்ல பாதி வீட்டுல எர்த் குழி காய்ஞ்சு கிடக்குது. மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல சொருகி ஓட்டறது, அப்புறம் லேப்டாப் மேல கை வெச்சா சுருசுருங்குதுன்னு சொல்றது. குழில ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு அப்புறம் பாருங்க. தீபாவளி சமயத்துல இடி ஏதாச்சும் விழுந்துச்சா?

வண்ணாமடைக்காரன் | திங்கள் மதியம் 2.30
ஆமாங்ணா. தோட்டத்துல தென்னை மேல விழுந்துச்சு. டிவி போச்சு, மோட்டார் ஸ்டார்ட்டர் போச்சு. லேப்டாப் சார்ஜரும் போச்சு, மெசின் தப்பிச்சுது.

பழைய மானிட்டர் | திங்கள் மாலை 5.40
இடி பட்ட மதர்போர்டை நம்பி எஸ்எஸ்டி வாங்கச் சொல்றீங்களா? என் முடிவு இன்னும் உறுதியாச்சு.

காந்திபுரத்து வெயில் | திங்கள் மாலை 6.10
புதுசும் வேண்டாம், இந்தப் பழசும் வேண்டாம். கம்பெனி ஆபீஸ்ல ஓடிக் கழிச்ச திங்க்பேட் டி480 தேடுங்க. எட்டாம் தலைமுறை புராசசர் இருக்கறதாப் பாத்து எடுங்க, விண்டோஸ் 11 சொந்தமா ஏறும், அடியைத் திறந்தா ராமும் டிஸ்க்கும் நாமே மாத்தலாம், டைப்-சி சார்ஜர் போதும். கீபோர்டுல கை வெச்சா எந்திரிக்க மனசு வராது. நாலு வருசமா அதுலதான் கணக்கு எழுதறேன். கோயம்புத்தூருக்கு வந்து நேர்ல பாத்து, பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்து வாங்குங்க.

பொள்ளாச்சி இளநி | திங்கள் மாலை 6.25
கோயம்புத்தூர்ல வாங்கினா கேரளால வாரண்டி குடுப்பாங்களா? என் மச்சான் வாளையார் தாண்டிக் கொண்டுபோயி மாட்டிக்கிட்டான்.

காந்திபுரத்து வெயில் | திங்கள் மாலை 6.31
அது செக்போஸ்ட் காலத்துக் கதையா இருக்கும். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததோட வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லா எடத்துலயும் வரிக்கு லாரி நிறுத்தறது போச்சு. ரெண்டு பக்கமும் லேப்டாப்புக்கு அதே 18 சதவீதம்தான். புதுசுக்குக் கம்பெனி வாரண்டி இந்தியா முழுக்க. பழசுக்குத்தான் கடைக்காரர் சொல்றது கணக்கு. நீங்க பாக்க வேண்டியது, உங்க பின்கோடுக்கு ஆள் வீடு தேடி வருவாங்களான்னு. அதைக் கம்பெனி இணையதளத்துலயே பாத்துக்கலாம்.

லினக்ஸ் மாப்பிள்ளை | திங்கள் இரவு 8.00
ஏன் எல்லாரும் விண்டோஸையே கட்டிப் புடிச்சுட்டு அழறீங்க? உபுண்டு போடுங்க, விண்டோஸுக்குப் பதிலா ஓடற லினக்ஸ். இலவசம்.

பழைய மானிட்டர் | திங்கள் இரவு 8.12
பத்தாவது படிக்கற குழந்தைக்கு லினக்ஸைக் குடுத்து எதிர்காலத்தைக் கெடுக்காதீங்க. வேலைக்குப் போற எடத்துல எக்செல்தான் கேப்பாங்க. தமிழ்நாட்டுல 2011ல குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எத்தனை புள்ளைக அதைத் திறந்து பாத்துதுகன்னு ஊருக்கே தெரியும்.

மீனாட்சிபுரம் டீச்சர் | திங்கள் இரவு 9.05
தம்பி, இதுக்கு மட்டும் நான் பதில் சொல்லித்தான் ஆகணும். நான் இந்தப் பக்கம் தமிழ் மீடியத்துல ஐடி பாடம் எடுக்கறவ. கேரளாவுல பள்ளிக்கூட ஐடி பாடமே முழுக்க லினக்ஸ்லதான் நடக்குது. 2001ல ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சது 2017ல கைட்ங்கற (KITE) அரசு கம்பெனி ஆச்சு. அவங்களே உபுண்டுல இருந்து செஞ்சு தர்றாங்க, கைட் குனு லினக்ஸ் 22.04, யாரும் இறக்கிக்கலாம். ஐடி புத்தகம் தமிழ்லயும் வருது. பத்தாங்கிளாஸ் பிராக்டிகல் பரீட்சையே அதுலதான்.

என் வகுப்புல ஒரு புள்ளை, அப்பா கள்ளு இறக்கறவர், வீட்டுல கம்ப்யூட்டரே கிடையாது. இங்க்ஸ்கேப்புல பனைமரம் வரைஞ்சா, ஓலை ஒவ்வொண்ணுக்கும் நிழல் வெச்சு. லிப்ரே ஆபீஸ்ல கணக்குப் போட்டுப் பழகினவளுக்கு எக்செல் ரெண்டு நாள்ல வந்துரும். எதிர்காலம் கெட்டுப்போகும்னு சொல்றதை என்னால சும்மா விட முடியாது.

பழைய மானிட்டர் | திங்கள் இரவு 9.20
பள்ளிக்கூடத்துல ஓடறது வேற, சந்தைல ஓடறது வேற டீச்சர். ஆதார் பிரிண்ட் எடுக்கப் போற எடத்துல கூட விண்டோஸ்தான். ஆனா பரீட்சையே அதுலதான்னா அது எனக்குத் தெரியாது. ஒத்துக்கறேன்.

லினக்ஸ் மாப்பிள்ளை | திங்கள் இரவு 9.26
தமிழ்99 கீபோர்டு லினக்ஸ்லயும் உண்டு, அதையும் சேத்துக்குங்க.

மீனாட்சிபுரம் டீச்சர் | திங்கள் இரவு 9.48
வண்ணாமடை அண்ணா, சண்டைல உங்களை மறந்துட்டோம். மேல ஒண்ணு எழுதியிருக்கீங்க, இடியில சார்ஜர் போச்சுன்னு. அப்ப இப்ப ஓட்டறது எந்த சார்ஜர்? கம்பெனி சார்ஜரா? ஆன் பண்றப்ப கறுப்புத் திரைல ஏதாச்சும் எழுதி வருதா?

வண்ணாமடைக்காரன் | செவ்வாய் காலை 6.35
சந்தைக் கடைல 400 ரூபாய்க்கு எடுத்ததுங்க டீச்சர். ஊசி பொருந்துதான்னு பாத்துத்தான் எடுத்தேன். ஆமாங்க, ஆன் பண்றப்ப இங்கிலீஷ்ல ரெண்டு வரி வரும், ஏதோ ஒரு பட்டனை அமுக்கச் சொல்லும், அமுக்குனா போயிரும். அதைச் சொல்லணும்னே தோணலை.

திருப்புளி | செவ்வாய் காலை 6.50
அட சாமி! டீச்சர் புடிச்சுட்டாங்க.

அண்ணா, ஒண்ணு பண்ணுங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ், சிபியு. கீழ "ஸ்பீடு"ன்னு இருக்கும், அந்த எண்ணைச் சொல்லுங்க.

வண்ணாமடைக்காரன் | செவ்வாய் காலை 7.15
0.39னு இருக்குது. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.

திருப்புளி | செவ்வாய் காலை 7.40
உங்க புராசசர் ஓட வேண்டியது 2.3 கிகாஹெர்ட்ஸ். ஆறுல ஒரு பங்குல நடக்குது. ஹார்ட் டிஸ்க்கும் மெதுவுதான், ஆனா ஒரே நாள்ல படுத்ததுக்கு அது காரணமில்ல.

சில கம்பெனி சார்ஜர்ல ஊசிக்கு நடுவுல தலைமுடி மாதிரி மெல்லிசா இன்னொரு ஊசி இருக்கும். சார்ஜருக்குள்ள ஒரு சின்ன சிப், "நான் 45 வாட்", "நான் 65 வாட்"னு அது வழியாத்தான் மெசினுக்குச் சொல்லும். டூப்ளிகேட்ல அந்த சிப் இல்லாமப் போகலாம், இருந்தாலும் சரியாப் பேசாம இருக்கலாம். எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்னு தெரியாதப்ப, மெசின் பயந்துட்டு புராசசரை இறுக்கிப் புடிக்கும். பேட்டரிக்கும் சார்ஜ் ஏத்தாது. "பேட்டரி போச்சு"ன்னு கடைக்காரர் சொன்னதும் இதனாலயா இருக்கலாம். நீங்க அமுக்கித் தள்ளுன அந்த ரெண்டு வரி இதைத்தான் சொல்லீட்டு இருந்திருக்கும்.

காசு போட்டுறாதீங்க. அதே கம்பெனி ஒரிஜினல் சார்ஜர், அதே ஊசி, அதே வோல்ட், வாட் குறையாம, யார்கிட்டயாச்சும் ஒரு மணி நேரம் வாங்கிப் போட்டுப் பாருங்க. அப்பவும் 0.39ன்னா ஜாக் உடைஞ்சிருக்கலாம், இல்ல இடி போர்டைத் தொட்டிருக்கலாம். அதுக்கு மெசினைத் திறந்துதான் பாக்கணும்.

மீன்கரை மின்சாரம் | செவ்வாய் காலை 8.05
எர்த்தையும் பாத்துருங்க. இல்லாட்டி அடுத்த துலாவர்ஷத்துல புது சார்ஜரும் போகும்.

மீனாட்சிபுரம் டீச்சர் | செவ்வாய் காலை 8.12
அண்ணா, நீங்க மேல எழுதுன மாதிரி ஒரு பழைய லேப்டாப் எங்க ஸ்கூல்ல ஆபீஸ் ரூம்ல இருக்குது. அதே கம்பெனியான்னு பாக்கணும். சாயங்காலம் நாலு மணிக்குப் புள்ளையையும் மெசினையும் கூட்டீட்டு வாங்க.

பொள்ளாச்சி இளநி | செவ்வாய் மாலை 7.30
என்னாச்சுங்க?

காந்திபுரத்து வெயில் | புதன் மதியம் 12.10
அண்ணா, டி480 பாக்கறீங்களா, விட்டுட்டீங்களா?

வண்ணாமடைக்காரன் | வியாழன் இரவு 9.40
மன்னிக்கணும், கடலை பறிப்பு. டீச்சர் ஸ்கூல் சார்ஜர் போட்டோம், அந்த இங்கிலீஷ் வரி வரலை. ஸ்பீடு 2.28 காட்டுச்சு. பேட்டரி நாப்பது நிமிசத்துல 31 சதவீதம் ஏறுச்சு. புள்ளை அங்கயே உக்காந்து அழுதுட்டா. ஒரிஜினல் சார்ஜருக்குச் சொல்லியாச்சு, 1,900. கடைக்காரர் புதுசுக்குக் கூப்பிட்டார், வேண்டாம்னுட்டேன். பரீட்சை முடிஞ்சு எஸ்எஸ்டி போடறேன். டீச்சர் பென்டிரைவ்ல கைட் போட்டுக் குடுத்திருக்காங்க. எல்லாருக்கும் நன்றிங்க.

திருப்புளி | வியாழன் இரவு 9.52
நல்லதுங்க அண்ணா. அந்த 400 ரூபா சார்ஜரை யாருக்கும் குடுத்துறாதீங்க.