லைட் கம்பி வந்த வழியில நெட் கம்பி ஏன் வரக்கூடாது?

லயத்துக் கணக்குப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம், பழைய லயத்து வீடு (தோட்டத் தொழிலாளிங்களுக்குக் கட்டின வரிசை வீடு). ஈப்போவுல நாலு கடைக்கு வீட்டுல இருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கறேன்.

அடுப்படி ஜன்னலைத் திறந்தா கரண்டு கம்பம் நிக்குது. நெட் வர்ற ஃபைபர் கம்பி மட்டும் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) முனையோட நின்னு போச்சு. இங்கேருந்து அது ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. மூணு தடவை மனு போட்டேன். ஒரு தடவை 'போர்ட் (இணைப்புக் கொடுக்கற இடம்) இல்லை'ன்னாங்க, இன்னொரு தடவை 'உங்க முகவரி சிஸ்டத்துல இல்லை'ன்னாங்க. (நாற்பத்தொரு வருஷமா இதே முகவரிதான். போஸ்ட்மேனுக்குத் தெரியுது.) மாசக் கடைசியில லேப்டாப்பைத் தூக்கிட்டு மாரியம்மன் கோயில் படிக்கட்டுக்குப் போறேன். அங்கதான் ரெண்டு கோடு லைன் கிடைக்கும். பூசாரி ஐயா, "ஆத்தாளைப் பார்க்க வந்தியா, லைனைப் பார்க்க வந்தியா"ன்னு கேக்கறார்.

அப்பா அடிக்கடி சொல்வார்: கரண்டு எடுக்கற செண்டரோ அணை 1930-லயே வந்துடுச்சு, ஈப்போவைச் சுத்தியிருக்கற கிந்தா ஈயச் சுரங்கத்துக்கெல்லாம் கரண்டு ஓடுச்சு, லயத்துல அவர் பிள்ளையா இருந்தப்போ ஜெனரேட்டர்தான், ராத்திரி பத்து மணியோட 'டப்'புனு அணையும். காசு வர்ற இடத்துக்குத்தான் கம்பி முதல்ல போகும் போல. இப்ப நெட்டுக்கும் அதே கதை. கரண்டு கொடுக்கற தெனாகா கம்பெனியே நெட்டையும் கொடுத்துட்டா என்ன? 2018-ல மலாக்கா ஜாசின்ல சோதனைக்குச் செஞ்சாங்கல்ல?

அட்லாண்டாவில் ஈப்போக்காரன்:
அக்கா, எனக்கு ரெண்டு மணி நேரக் கார் பயணத்துல சாட்டனூகான்னு ஒரு ஊர், டென்னசி மாநிலம். அங்க லைட் கம்பெனி நகராட்சியோடது, இபிபின்னு பேரு. 2010-லயே ஊர் முழுக்க ஒரு கிகாபிட் வேகத்துல நெட் கொடுத்துட்டாங்க. முதல்ல மாசம் 350 டாலர், யாரு கட்டுவா! அப்புறம் 70-க்கு இறக்கினாங்க.

அவங்க ஃபைபர் இழுத்தது நெட்டுக்கு மட்டும் இல்ல. மரம் விழுந்து லைன் அறுந்தா கம்பத்துல இருக்கற சுவிட்சுங்க ஃபைபர் வழியா ஒண்ணோட ஒண்ணு பேசி, அறுந்த துண்டை மட்டும் கழட்டிட்டு மத்த வீட்டுக்குக் கரண்டை வேற பக்கமா திருப்பிவிடும். மத்திய அரசு இதுக்குன்னே 11 கோடி டாலருக்கு மேல மானியம் கொடுத்துச்சு. கரண்டு வேலைக்கே அந்தக் கம்பி தேவைப்பட்டதாலதான் கணக்கு தேறுச்சு. வெறும் நெட் விக்கறதுக்குன்னு இறங்கியிருந்தா தேறியிருக்குமா, சந்தேகம்தான்.

தாமான் தாத்தா:
ஜெயிச்ச ஊரை மட்டும் சொல்லாதீங்க தம்பி. யூட்டா மாநிலத்துல புரோவோ நகராட்சி 3.9 கோடி டாலர் கடன் வாங்கி ஃபைபர் போட்டுச்சு. ஓடலை. 2013-ல கூகுளுக்கு ஒரே ஒரு டாலருக்கு வித்தாங்க. கடன் ஊர்த் தலையில நின்னுச்சு; கரண்டு, தண்ணி பில்லோட மாசம் 5.35 டாலர் சேர்த்து வாங்கினாங்க. நெட்டே இல்லாத கிழவியும் கட்டினா. என் வீட்டுக்காரிக்கு வாட்ஸ்அப் போதும். அடுத்தவன் படம் பார்க்க என் லைட் பில்லை ஏத்துவாங்களா?

ரிட்டயர்டு லைன்மேன்:
தங்கச்சி, முப்பது வருஷம் கம்பம் ஏறினவன் சொல்றேன். பெரிய டவர் உச்சியில ஓடற எர்த் கம்பி இருக்கே, நிறைய இடத்துல அதுக்குள்ளயே ஃபைபர் இருக்கு. இடிதாங்கியும் அதுதான், செய்தி போற பாதையும் அதுதான். இப்ப 'அலோ'ன்னு தெனாகாவோட துணைக் கம்பெனி வீட்டு வாசல் வரை ஃபைபர் போடுது. ஆனா அவங்க மொத்த வியாபாரி மாதிரி. பில் போட்டு விக்கறது வேற நெட் கம்பெனிங்க. எனக்கு அதான் சரின்னு படுது. கம்பி போட்டவனே கடையும் வச்சா மத்தவனுக்கு வழி விடமாட்டான். ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம் நகராட்சி 1994-லேருந்து அப்படித்தான் வெறும் ஃபைபரை வாடகைக்கு விடுது.

அதெல்லாம் இருக்கட்டும். உங்க கம்பம் யாருது? சில தோட்டத்துல வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரே பெரிய மீட்டர் இருக்கும். அதுக்கு உள்ள இருக்கற கம்பமும் கம்பியும் ரோடும் தோட்டத்தோடது. அப்படின்னா தெனாகாவே நெட் கொடுத்தாலும் கேட்டோட நின்னுடும். கம்பத்துல தெனாகாவோட நம்பர் தகடு இருக்கா, போய்ப் பாருங்க.

லயத்துக் கணக்குப்பிள்ளை:
அண்ணே, மழை விட்டதும் குடையோட போய்ப் பார்த்துட்டு வந்தேன். மெயின் ரோட்டுக் கம்பத்துல தகடு இருக்கு. உள்ள இருக்கற பதினோரு கம்பத்துல ஒண்ணுத்துலயும் இல்லை. அதுல ரெண்டு சாய்ஞ்சும் நிக்குது. மூணு வருஷமா யார்கிட்ட சண்டை போடணும்னு தெரியாமலே சண்டை போட்டிருக்கேன்!

தாமான் தாத்தா, உங்க பில் கவலை நியாயம்தான். ஆனா எங்க லயத்துக்குக் கரண்டும் லாபக் கணக்குப் பார்த்து வரலையே. 1990-ல வந்த 446-ஆம் சட்டம், தோட்டத் தொழிலாளி வீட்டுக்குத் தண்ணியும் கரண்டும் முதலாளி கொடுக்கணும்னு சொல்லுது. அந்தப் பட்டியல்ல நெட்டையும் சேர்க்கச் சொன்னா அது பேராசையா?

திங்கக்கிழமை கிராணியை (தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா) பார்க்கப் போறேன். லைன்மேன் அண்ணே, கம்பத்துல ஃபைபர் கட்ட அனுமதி கேட்டு மேனேஜருக்கு மலாய்ல கடிதம் எழுதணும். 'சாய்ஞ்ச கம்பத்தையும் நிமிர்த்துங்க'ன்னு அதுலயே சேர்த்து எழுதலாமா, இல்ல அதுக்குத் தனிக் கடிதமா?

ரிட்டயர்டு லைன்மேன்:
தனியா எழுதுங்க. கம்பத்தை முதல்ல. சாய்ஞ்ச கம்பத்துல எவனும் ஃபைபர் கட்ட ஏறமாட்டான்.