பி படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்: எலி, முயல் ஆய்வு நடத்தும் கைடுகளுக்கான அனுபவப் பகிர்வு

மருந்தியல் மாமி:
விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்டுப் பி படிவத்தில் தரும் மனுக்கள் பல்கலைக்கழக ஐஏஇசி (நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு) கூட்டங்களில் ஏன் திரும்பி வருகின்றன, ஒப்புதல் கிடைத்த பிறகும் எங்கே சறுக்குகிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். சுயபுராணம் வேண்டாம். அடுத்தவருக்குப் பயன்படுகிற மாதிரி அளவு, தேதி, படிவம் என்று இருக்கட்டும்.

முதலில் தகுதி. 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 17வது பிரிவின் கீழ் வந்த 1998 விதிகள், உரிய தகுதி பெற்றவரோ அவருடைய மேற்பார்வையிலோதான் பரிசோதனை நடக்க வேண்டும் என்கின்றன. நிறுவனத்துக்குள் நடக்கும் சோதனைக்கு நிறுவனத் தலைமை பொறுப்பு. ஆனால் பி படிவத்தின் கடைசியில் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுவது முதன்மை ஆய்வாளர்தான். படிவம் அவருடைய பதவி, படிப்பு ஆகியவற்றோடு விலங்குச் சோதனையில் எத்தனை வருட அனுபவம் என்றும் தனியாகக் கேட்கிறது. "பிஎச்டி, 18 வருட கற்பித்தல் அனுபவம்" என்று எழுதினால் அது பதில் இல்லை. எந்த இனம், எந்தச் செய்முறை, எத்தனை வருடம் என்று எழுத வேண்டும். கைடுக்கு அந்தக் கை அனுபவம் இல்லையென்றால் அனுபவமுள்ள இன்னொருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான இடங்களில் நிரந்தரப் பேராசிரியர்தான் முதன்மை ஆய்வாளர். ஸ்காலர் பெயர் அவருக்குக் கீழேதான் வரும்.

அந்த உறுதிமொழியை நிதானமாகப் படித்தவர் குறைவு. இந்த ஆய்வு ஏற்கெனவே நடந்ததன் தேவையற்ற மறுபதிப்பு இல்லை. வலி குறைந்த மாற்று வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. எழுத்தில் அனுமதி வரும் முன் தொடங்க மாட்டேன். முக்கிய மாற்றம் எதுவானாலும் முதலில் ஒப்புதல் வாங்குவேன். டி படிவத்தில் பதிவேடு வைப்பேன். ஒவ்வொன்றையும் பிறகு யாராவது கேட்பார்கள், தயாராக இருங்கள்.

கூண்டுக்காரர்:
அனிமல் ஹவுஸ் பக்கமிருந்து ஒன்று. மனு எழுதும் முன் உங்கள் நிறுவனத்தின் பதிவு எண்ணை எடுத்துப் பாருங்கள். அதில் எஸ் என்றிருந்தால் சிறிய விலங்குகளுக்கு மட்டும் பதிவு. எல் இருந்தால்தான் பெரியவை. உள்ளேயே இனப்பெருக்கம் செய்யும் அனுமதியும் அந்தக் குறியீட்டில்தான் இருக்கும். அது இல்லாத இடத்தில், "இரண்டு ஜோடி வாங்கிக் குட்டி எடுத்துக்கொள்ளலாம், செலவு மிச்சம்" என்று கணக்குப் போடாதீர்கள். எலியும் சுண்டெலியும் பதிவு பெற்ற வளர்ப்பாளரிடமிருந்துதான் வர வேண்டும், பில்லோடு.

பில் தேதிதான் பலரையும் மாட்டிவிடுவது. ஒப்புதல் கடிதத்துக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால், நிறுவனம் விலங்கு வரவைப் பதிந்து வைத்திருக்கும் சி படிவத்திலும் அதே தேதிதான் ஏறியிருக்கும். ஆய்வாளரின் டி படிவம், தீசிஸில் எழுதிய மாதம், இதழுக்கு அனுப்பும் கட்டுரை, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முன்தேதியிட்ட ஒப்புதல் என்று ஒன்று கிடையாது. நடந்து முடிந்த சோதனைக்கு ஐஏஇசி எண் கேட்டு வருகிறவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

வந்த விலங்குகளை நேரே குழுக்களாகப் பிரிக்க முடியாது. சிறிய விலங்குகளுக்குத் தனிமைக் காலம் ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை. நாய், பூனை, குரங்கு என்றால் 6 வாரம் வரை போகும். இதைத் திட்ட அட்டவணையில் சேர்க்காமல் "28 நாள் ஆய்வு, ஒரு மாதம் போதும்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

கணக்குப்பிள்ளை:
எண்ணிக்கைக்கு வருகிறேன். "ஒரு குழுவுக்கு 6" என்பது நம் ஊர்ப் பழக்கம். ஏன் 6 என்று கேட்டால், முந்தைய தீசிஸில் 6 இருந்தது என்பார்கள்.

கையில் முன்னோட்டத் தரவு இருந்தால் பவர் கணக்கு (உண்மையான வித்தியாசம் தெரிய எத்தனை விலங்கு வேண்டும் என்ற கணக்கு) போடுங்கள்: 80 சதவீதப் பவர், 5 சதவீதப் பிழை, எதிர்பார்க்கும் வித்தியாசம், திட்ட விலக்கம். நான்கையும் மனுவில் எழுதுங்கள். தரவே இல்லையென்றால் ரிசோர்ஸ் ஈக்வேஷன் இருக்கிறது. மொத்த விலங்குகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் விடை 10க்கும் 20க்கும் நடுவில் இருக்க வேண்டும். சாதாரணக் குழு, நோய்க் குழு, தெரிந்த மருந்துக் குழு, இரண்டு டோஸ் என்று 5 குழுக்கள் வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு 6 என்றால் 30 − 5 = 25, அதிகம். குழுவுக்கு 5 என்றால் 25 − 5 = 20, சரி.

அப்படியென்றால் 6 தவறா? இல்லை. 10 சதவீதம் இறக்கும் என்று காரணத்தோடு எழுதினால் 5 ÷ 0.9 = 5.6, அதாவது 6. அதே எண்தான், ஆனால் இப்போது பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இல்லாத 6ஐத்தான் குழு திருப்பி அனுப்புகிறது.

இன்னொன்று, கடுமையான நச்சுச் சோதனைக்குப் பழைய எல்டி50 முறையை (பாதி விலங்குகள் சாகும் டோஸைத் தேடுவது) எழுதும் மனுக்கள் இன்னும் வருகின்றன. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 401 வழிகாட்டி 2002லேயே நீக்கப்பட்டுவிட்டது. அதே அமைப்பின் 423 முறையில் ஒரு படிக்கு 3 விலங்குகள், வழக்கமாகப் பெண் எலிகள். டோஸ் 5, 50, 300, 2000 மி.கி./கி.கி. என்ற வரிசை, 14 நாள் கவனிப்பு. பாதி விலங்குகள் சாகும் அளவைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இப்போது இல்லை.

வெட் டாக்டர்:
சர்க்கரை நோய் மாடல் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எலிக்கு அந்த நோயை வரவழைக்க மருந்தியல் கல்லூரிகளில் அதிகம் வரும் மருந்து ஸ்ட்ரெப்டோஸோடோசின், அதிகம் கெட்டுப்போவதும் அதுதான்.

எலிக்கு வழக்கமாக 50 முதல் 60 மி.கி./கி.கி., வயிற்றறைக்குள் ஒரே ஊசி. 0.1 எம் சிட்ரேட் பஃபர், பிஎச் 4.5, ஐஸில் குளிர வைத்தது. கரைத்த மருந்து நிற்காது. அலுமினிய ஃபாயில் தாளில் சுற்றி, 15 நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒரே குப்பியில் கரைத்துவிட்டு 30 எலிக்கு ஒருவரே போட்டுக்கொண்டிருந்தால், கடைசிப் பத்துக்குப் போவது பாதி செத்த மருந்து. அவற்றுக்குச் சர்க்கரை ஏறவில்லை என்று திரும்ப ஊசி போடுவதும், கூடுதல் எலி கேட்பதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பல முறை சிறிது சிறிதாக எடை போட்டுக் கரையுங்கள்.

அடுத்தது முதல் 24 மணி நேரம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் உடையும்போது உள்ளே இருந்த இன்சுலின் மொத்தமாக வெளியே வரும், சர்க்கரை தடாலென்று இறங்கும். அன்று இரவு குடிநீருக்குப் பதில் 5 அல்லது 10 சதவீத குளுக்கோஸ் வைக்காவிட்டால் காலையில் விறைத்துக் கிடக்கும். இந்தச் சாவுகளை "மருந்தின் நச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். அது மருந்தின் நச்சு இல்லை, ராத்திரி யாரும் பார்க்கவில்லை என்பதுதான். 72 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 250 மி.கி./டெ.லி.க்கு மேல் இருப்பவற்றை எடுப்பது வழக்கம். ஏறாதவை எங்கே போயின என்பதும் டி படிவத்தில் வர வேண்டும்.

பிறகு, நோய் வந்த எலி சிறுநீராகக் கொட்டும். மற்ற கூண்டுகளுக்கு வாரம் இரு முறை உமி மாற்றினால் இதற்கு தினமும் மாற்ற வேண்டும், தண்ணீர்ப் புட்டி இரண்டு. மனுவில் இதை எழுதியிருந்தால் அனிமல் ஹவுஸ் ஆட்களிடம் உரிமையோடு கேட்கலாம். எழுதாவிட்டால் ஈரத்தில்தான் கிடக்கும்.

ஆபத்தான பொருள் பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் ஸ்ட்ரெப்டோஸோடோசின் என்று எழுதுவார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை, முகக்கவசம், ஊசி போட்ட பின் சில நாள் உமியைத் தனியாக அகற்றுவது, எல்லாம் அந்தக் கேள்விக்குக் கீழேதான் வர வேண்டும்.

ஸ்காலர் 3:
ரத்தம் எடுக்கும் அளவு, வாய்வழி டோஸ் இரண்டுக்கும் எளிய கணக்கு ஏதாவது இருக்கிறதா டாக்டர்?

வெட் டாக்டர்:
இருக்கிறது தம்பி. எலிக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 64 மி.லி. ரத்தம். 200 கிராம் எலியில் 12.8 மி.லி. ஒரே தடவையில் அதில் 10 சதவீதம், அதாவது 1.2 மி.லி.யோடு நிறுத்துங்கள். 28 நாளில் மொத்தம் 15 சதவீதம், 1.9 மி.லி. "வாரா வாரம் 1 மி.லி., 4 வாரம்" என்று எழுதினால் கூட்டிப் பார்த்தவுடனே உதைக்கும். சின்ன அளவில் ஓடும் பரிசோதனை முறைக்கு மாறுங்கள், அல்லது எடுக்கும் நாட்களைக் குறையுங்கள். கண் ஓரத்திலிருந்து எடுப்பதென்றால் மயக்கம் கட்டாயம்.

வாய்வழிக்குக் கிலோவுக்கு 10 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள், 200 கிராம் எலிக்கு 2 மி.லி. உருண்டை முனை ஊசியை எலியின் வெளியே வைத்து வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து குறியிடுங்கள். உள்ளே போகும்போது தடுத்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்துத் திரும்ப முயலுங்கள். மூக்கில் நுரை வந்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்று பொருள்.

மருந்தியல் மாமி:
இதைக் கற்றுக்கொள்வதற்கென்றே தனியாக எலி கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வெறும் கைப்பழக்கத்துக்காக விலங்கைச் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அதே 17வது பிரிவு சொல்கிறது. பொம்மை மாடலில் தொடங்கி, பிறகு அனுபவசாலி பக்கத்தில் நின்று பார்ப்பது, அதற்குப் பிறகு அவர் பார்க்கச் செய்வது. எந்த ஸ்காலர் எதில் தேர்ந்தார் என்று தேதியோடு ஒரு தாளில் கைடு கையெழுத்திட்டு வைத்தால் ஆய்வு நடுவே யார் கேட்டாலும் காட்டலாம்.

கூண்டுக்காரர்:
மயக்கத்துக்கு இன்னும் ஈதர் எழுதுகிறார்கள். பஞ்சில் நனைத்து டெசிகேட்டருக்குள் போடுவது. மூச்சுப் பாதையை எரிக்கும், தீப்பிடிக்கும். ஈதரில் இறந்த எலியைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து, கம்ப்ரசர் பொறியில் வெடிக்க வாய்ப்புண்டு. கெட்டமின், சைலசின் என்றால் எலிக்கு முறையே கிலோவுக்கு 75 மி.கி., 10 மி.கி. அளவில் பயன்பாட்டில் இருக்கிறது. கெட்டமினைப் பூட்டிய பெட்டியில் வைத்து, குப்பி வாரியாக எவ்வளவு எடுத்தது, யார் எடுத்தது என்று பதிவு செய்ய வேண்டும். அந்தச் சாவி ஸ்காலரிடம் இருக்கக் கூடாது. மயங்கிய எலிக்கு உடம்பு சில்லிடும். கீழே வெதுவெதுப்பான விரிப்பு, கண்ணுக்குக் களிம்பு. பாதத்தைக் கிள்ளினாலும் காலை இழுக்கவில்லை என்று பார்த்த பிறகே கத்தி.

ஆய்வு முடிவில் விலங்கைக் கொல்லக் கார்பன் டை ஆக்சைடு என்றால் சிலிண்டர், ஓட்ட மானி இரண்டும் வேண்டும். நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம். 10 லிட்டர் பெட்டிக்கு 3 முதல் 7 லிட்டர். உலர் பனிக்கட்டியைப் போட்டு மூடுவது ஏற்கப்படாது. மூச்சு நின்றதும் வெளியே எடுத்துவிடாமல் இன்னொரு முறையால் இறப்பை உறுதி செய்யுங்கள். உடல்கள் மஞ்சள் பைக்கு, அங்கிருந்து எரிப்புக்கு.

குழு உறுப்பினர்:
கமிட்டி மேசையிலிருந்து சில. ஐஏஇசியில் 8 பேர். நிறுவனத்திலிருந்து 5: உயிரியல் விஞ்ஞானி, வேறு துறைகளைச் சேர்ந்த இருவர், கால்நடை மருத்துவர், அனிமல் ஹவுஸ் பொறுப்பாளர். வெளியிலிருந்து முதன்மை நாமினி, வெளி விஞ்ஞானி, அறிவியல் சாராத சமூக உறுப்பினர். இந்த மூவரையும் நியமிப்பது, விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிடும் மத்திய அரசுக் குழுவான சிசிஎஸ்இஏ; சிபிசிஎஸ்இஏ என்று நாம் பழகியதன் புதுப் பெயர். முதன்மை நாமினி வர முடியாதபோது வர இணைப்பு நாமினி என்று ஒருவர் உண்டு.

சமூக உறுப்பினருக்காக மனுவின் சுருக்கத்தை எளிய தமிழில் அரைப் பக்கம் எழுதித் தாருங்கள். "இது எலிக்கு வலிக்குமா? எப்போது நிறுத்துவீர்கள்?" என்று அவர்தான் கேட்பார், பல விஞ்ஞானிகள் தடுமாறுவதும் அங்கேதான். "தேவைப்பட்டால் நிறுத்துவோம்" என்பது பதில் ஆகாது. எடை 20 சதவீதம் குறைந்தால், கட்டி உடல் எடையில் 10 சதவீதத்தை எட்டினால் அல்லது புண்ணானால், தீனி எடுக்காமல் முதுகைக் கூனி ஒதுங்கினால் என்று எழுதுங்கள். யார் தினமும் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை யார் என்பதும் வேண்டும்.

சிறிய விலங்குக்கு ஐஏஇசி ஒப்புதலே போதும். நாய், ஆடு, பன்றி, குரங்கு என்றால் எங்களால் பரிந்துரைக்கத்தான் முடியும். ஒப்புதல் மேலிருந்து வர வேண்டும். பெரிய விலங்குக்கு மறுவாழ்வுச் செலவையும் ஆய்வு நிதியிலேயே காட்ட வேண்டும். நிதி அமைப்புக்கு பட்ஜெட் அனுப்பிய பிறகு இது நினைவுக்கு வந்தால் பணத்துக்கு எங்கே போவீர்கள்?

ஸ்காலர் 3:
ஆண் எலி கிடைக்கவில்லை, பெண் எலியில் செய்துகொள்ளலாமா? கைடு அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார், அப்போது ஒப்புதல் என்னவாகும்?

குழு உறுப்பினர்:
முதல் கேள்விக்கு, திருத்த மனு கொடுத்து ஒப்புதல் வந்த பிறகுதான். பால், இனம், டோஸ், எண்ணிக்கை, மயக்க மருந்து, கொல்லும் முறை, புதிதாகச் சேரும் ஆள், எதை மாற்றினாலும் இதே வழி. இரண்டாவதற்கு, ஒப்புதலில் முதன்மை ஆய்வாளர் பெயர் மாற வேண்டும். புதியவர் தன் அனுபவ விவரத்தோடு கையெழுத்திட்டு மனு தர வேண்டும். கைடு ஓய்வு பெறுவதற்கு முந்தைய கூட்டத்திலேயே வைத்துவிடுங்கள். கூட்டங்களுக்கு நடுவே பல மாதம் போகும், அந்த இடைவெளியில் கூண்டில் இருக்கும் எலிகளுக்குப் பொறுப்பாளர் இல்லாமல் போய்விடும்.

கூண்டுக்காரர்:
கூண்டு அட்டையிலும் பெயரை மாற்றுங்கள். மே மாதம் கரண்ட் போய், ஜெனரேட்டர் கிளம்பாமல் அறை 29 டிகிரியைத் தாண்டினால் காவலாளி அந்த அட்டையில் உள்ள எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்.