81.20-க்குக் காரணம் வாட்ஸ்அப்பாம்! தருமபுரிக்காரர்கள் ஒத்துக்கொள்கிறீர்களா?

அதியமான்கோட்டையான்:
ஓசூர் ஷிப்ட் என்கிற மேதை நேற்று வேறொரு இழையில் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக நம்ம தருமபுரியில் 81.20 சதவீதம் பதிவானதே, அதற்குக் காரணம் வாட்ஸ்அப் குரூப்புகளாம். "போன் இல்லையென்றால் பாதிப் பேர் பெங்களூரிலேயே படுத்துக் கிடந்திருப்பார்கள்" என்று வேறு எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிகிறது. 2014-லும் மாநிலத்தில் முதலிடம் நாம்தான், அப்போதும் 81-ஐ ஒட்டித்தான். ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். 2014-ல் எந்த குரூப்பில் யார் யாரைக் கூப்பிட்டார்கள்? எங்கள் தெருக் கிழவிகளுக்குப் பட்டன் போனில் பச்சைப் பட்டன் எது என்றே தெரியாது, காலை 7 மணிக்கு வரிசையில் நிற்பார்கள். பதில் சொல்லட்டும்.

ஓசூர் ஷிப்ட்:
நான் எழுதியதில் முக்கால்வாசியை வெட்டிவிட்டு ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், வாழ்க. நான் பேசியது கூட்டம் எப்படி நகர்கிறது என்பதைப் பற்றி. பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும் பென்னாகரம் பக்கத்து ஆட்களின் குரூப் ஒன்றில் நானும் இருக்கிறேன். தேர்தலுக்கு முந்தின வாரம் ஒருவர் வேன் பேசிப் பெயர்ப் பட்டியல் போட்டார். வருகிறவர் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து, அடியில் தன் பெயரைச் சேர்த்துத் திரும்பப் போட வேண்டும். முதல் நாள் நாலே பெயர். மேஸ்திரி பெயர் வந்தது, அவ்வளவுதான், ராத்திரிக்குள் வேன் நிறைந்துவிட்டது. "சம்பளம் போகும், வரமாட்டேன்" என்று மதியம்வரை எழுதிக்கொண்டிருந்தவனும் சேர்ந்தான். பட்டியலில் தன் பெயர் மட்டும் இல்லாமல் போவதை அவனால் தாங்க முடியவில்லை. யாருக்கு ஓட்டு என்பதெல்லாம் அப்புறம்.

இது என் கற்பனை இல்லை. 2010 அமெரிக்கத் தேர்தலில் ஃபேஸ்புக் 6.1 கோடி பேரிடம் இதைச் சோதித்தது. "நான் வாக்களித்துவிட்டேன்" பொத்தானோடு, அதை அழுத்திய நண்பர்களின் முகத்தையும் பார்த்தவர்கள் கூடுதலாகப் போனார்கள். முகம் இல்லாத வெறும் அறிவிப்புக்கு ஒருவரும் அசையவில்லை. 2012-ல் நேச்சர் இதழில் வந்தது.

அதியமான்கோட்டையான்:
வந்துவிட்டதா அமெரிக்கா! சரி, அதே ஆய்வில் கூடுதலாக விழுந்தது என்று அவர்களே மதிப்பிட்டது 3.4 லட்சம் ஓட்டு. 6.1 கோடிக்கு 3.4 லட்சம் என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை, அரைக்குக் கொஞ்சம் மேல். 81.20-ல் அரையைக் கழியுங்கள், 80.70. அப்போதும் நாம்தான் முதலிடம். கணக்கு முடிந்தது.

தக்காளி மண்டி:
ராயக்கோட்டையிலிருந்து ஒரு சந்தேகம். 81 சதவீதம் ஓட்டுப் போட்டும் வேலைக்கு வேன் பிடித்துப் பெங்களூருக்குத்தானே போகிறீர்கள்? அதில் என்ன பெருமை?

அதியமான்கோட்டையான்:
2004-ல் எங்களிடமிருந்து பிரிந்துபோன கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் பெருமையைப் பற்றிப் பேசுகிறார், கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைவிடக் குறைவாக ஓட்டுப் போட்டுவிட்டு வாய் மட்டும் குறையவில்லை.

தக்காளி மண்டி:
பிரிந்ததால்தான் எங்களுக்கு ஓசூர், மாம்பழக் கூழ் ஆலை எல்லாம். உங்களுக்கு அந்த சதவீதம் மட்டும் மிச்சம். ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அரூர் வாத்தியார்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். குரூப் கூட்டத்தை ஓட்டுச்சாவடிக்கு மட்டுமா நகர்த்தும்? 2018 மே மாதம் நமக்கு அடுத்த மாவட்டத்தில், போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்கு வழி கேட்ட சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். அந்தச் சமயத்தில் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு நிஜக் கடத்தல் என்று அனுப்பினார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே தடவையில் 5 பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஃபார்வேர்ட் பண்ண முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. தேர்தல் விஷயத்துக்கே வாருங்கள். ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது என்கிறது 1951-ம் வருடத்துச் சட்டம். மைக் நின்றுவிடுகிறது. குரூப் நிற்கிறதா? ராத்திரி 2 மணிக்கும் ஆடியோ வருகிறது, யார் குரல் என்றே தெரியாது.

அதியமான்கோட்டையான்:
வாத்தியாரே, கூட்டம் கெட்டுப்போவதற்கு போன் வேண்டியதில்லை. 2000 பிப்ரவரி 2-ல் நம்ம இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேரைப் பேருந்தோடு எரித்தார்களே, அந்தக் கூட்டத்தில் யார் கையில் வாட்ஸ்அப் இருந்தது? கோர்ட் தீர்ப்புச் செய்தி கேட்டுக் கிளம்பியவர்கள். ஆக நல்லதுக்கும் போன் காரணமில்லை, கெட்டதுக்கும் போன் காரணமில்லை. 81.20 எங்கள் ரத்தத்தில் வந்தது.

அரூர் வாத்தியார்:
அந்தப் பிள்ளைகளையும் உங்கள் சதவீதத்துக்குச் சாட்சியாகக் கூட்டிவந்துவிட்டீர்கள். நல்லா இருங்கள். 2000-ல் கிளம்பியது ஒரு கட்சிக் கூட்டம், ஆள் யார் என்று ஊருக்குத் தெரியும். 2018-ல் அடித்தவர்களுக்குக் கட்சியும் இல்லை, தலைவரும் இல்லை. யார் அனுப்பினார் என்று தெரியாத ஒரு பயம்தான் இருந்தது. இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியாது என்று இல்லை, புரிந்தால் இழை முடிந்துவிடும்.

காரிமங்கலம் அக்கா:
ஓட்டுப் போடுவதோடு ஜனநாயகம் முடிந்துவிட்டதா? எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுவது என்பதை கிராம சபை முடிவு செய்யவில்லை. செப்டம்பர் கடைசியிலேயே ஊர் குரூப்பில் ஒருவர் "மேட்டுத் தெரு" என்று போட்டார், அடியில் வரிசையாகக் கட்டைவிரல். அக்டோபர் 2 சபையில் கீழ்த்தெருப் பெண்கள் நான்கைந்து பேர் எழுந்து, எங்கள் பக்கம் தண்ணீர் ஏறாது என்றார்கள். "அதெல்லாம் குரூப்பிலேயே முடிந்துவிட்டதே, அப்போதே சொல்ல வேண்டியதுதானே" என்று பதில் வந்தது. எப்படிச் சொல்வது? அந்த குரூப்பில் அவர்கள் இல்லை. மகளிர் குழுவுக்கு என்று ஒரு குரூப் இருக்கிறது, அதிலும் பாதி எண்கள் வீட்டுக்காரர்களுடையவை. குழுத் தலைவி பெயரில் "ஓகே" போடுவது அவர் புருஷன். சபைத் தீர்மான நோட்டில் மட்டும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

அதியமான்கோட்டையான்:
அக்கா, தொட்டி விஷயம் தனி. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுக் கொடுங்கள். இங்கே பேச்சு 81.20 யாரால் என்பது. நீங்களே சொல்லுங்கள், 2014-ல் போன் பார்த்தா ஓட்டுப் போடப் போனீர்கள்?

காரிமங்கலம் அக்கா:
மனுக் கொடுக்கத் தெரியாமலா இங்கே எழுதுகிறேன்? உங்களிடம் பேசுவதும் ஒன்றுதான், அந்த குரூப்பில் பேசுவதும் ஒன்றுதான்.

ஓசூர் ஷிப்ட்:
அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன், முதல் நாலு கட்டைவிரல் யாருடையது என்பதில்தான் எல்லாம். 2013-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் மக்கள் எழுதிய கருத்துகளில் சிலவற்றுக்கு மட்டும் ஆய்வாளர்களே பொய்யாக ஒரே ஒரு லைக் போட்டார்கள். கடைசியில் அவற்றின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. ஒரு லைக்குக்கே இந்தக் கதி. 2014 கதையும் அதுதான், அப்போது டீக்கடை பெஞ்சில் இருந்த மேஸ்திரி இப்போது குரூப்பில் இருக்கிறார்.

அதியமான்கோட்டையான்:
பார்த்தீர்களா! டீக்கடை என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். அப்படியானால் 81.20-க்குக் காரணம் டீக்கடை.

ஓசூர் ஷிப்ட்:
ஒப்புக்கொள்ளவில்லை. டீக்கடையில் பேசியதை நூறு ஊருக்கு ஒரே நிமிடத்தில் அனுப்ப முடியாது. ஒவ்வொரு முறையும் என் வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

அதியமான்கோட்டையான்:
அனுப்ப முடியாமலே 2014-ல் முதலிடம் வந்தோம் என்றுதானே காலையிலிருந்து கத்துகிறேன்.

தக்காளி மண்டி:
குரூப்புக்கு சக்தி இல்லை என்கிற அண்ணனிடம் ஒரு கேள்வி. போன வருஷம் "தக்காளி கிலோ நூறைத் தாண்டும், நட்டவன் ராஜா" என்று ஒரு ஆடியோ சுற்றியதே, அதை விவசாயிகள் குரூப்பில் போட்டது யார்? அதைக் கேட்டுப் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை மூன்று பக்கமும் ஒரே வாரத்தில் நாற்று நட்டார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் மண்டிக்கு வந்து, பறிகூலிக்குக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டினோம். என் இரண்டு ஏக்கரும் அதில் அடக்கம். அப்போது எங்கே போனது உங்கள் ரத்தம்?

அதியமான்கோட்டையான்:
ஃபார்வேர்ட் பண்ணினேன், நடச் சொல்லவில்லை. மேலே "பலமுறை அனுப்பப்பட்டது" என்று இரண்டு அம்புக்குறி போட்டிருந்ததே, பார்க்கவில்லையா? விவசாயம் பார்க்கிறவனுக்குச் சொந்தப் புத்தி வேண்டும்.

தக்காளி மண்டி:
அந்த அம்புக்குறி வந்த மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு குரூப்புக்குத்தான் அனுப்ப முடியும். அப்படியிருந்தும் நான் இருக்கிற மூன்று குரூப்பிலும் நீங்கள்தான் போட்டிருந்தீர்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடவா?

அதியமான்கோட்டையான்:
போடுங்கள், பயமில்லை. தலைப்பு ஓட்டு சதவீதம், தக்காளிக்குத் தனி இழை திறங்கள். ஓசூர் ஷிப்ட் இன்னும் 2014-க்குப் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் அக்கா:
அந்த ஆடியோவைக் கேட்டு என் தம்பியும் நட்டான். தேதியோடு போடுங்கள் தம்பி, பார்க்கிறோம்.

ஓசூர் ஷிப்ட்:
நைட் ஷிப்ட் முடித்து வந்து பார்க்கிறேன். 2014-க்கு இரண்டு தடவை பதில் எழுதியாகிவிட்டது, மேலே போய்ப் படிக்கச் சொல்லுங்கள்.

அதியமான்கோட்டையான்:
படித்தேன். டீக்கடை என்றுதான் இருக்கிறது.